இரண்டு வீட்டுக்கு ஒரு கம்பி

பெல்கிரேடிலிருந்து வந்த பேருந்தின் அடிவயிற்றில், உருளைக்கிழங்கு மூட்டைக்கும் யார் வீட்டு வாஷிங் மெஷினுக்கோ நடுவே அந்தக் கணினி செர்பியாவின் சாச்சாக் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. பழைய போர்வையில் சுற்றி நான்கு பக்கமும் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். ஓட்டுநர் அதை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே பன்றிக்குட்டியா, மூச்சே விடவில்லையே என்று கேட்டார். டோப்ரிலாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. காபிக்கென்று அவர் கையில் கொஞ்சம் காசு வைத்துவிட்டு, அக்கா லியூபிங்காவோடு ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் நின்று போய் வருடக்கணக்காகிறது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் லியூபிங்கா பெட்டியைச் சுவரோடு சாய்த்து மூச்சு வாங்கினாள்.

"அம்மாகிட்ட அப்பவே சொன்னேன், கீழ் வீட்டக் கேளுன்னு. காத்து வேணுமாம் காத்து."

"பேசாம தூக்குக்கா."

"பேசாம தூக்கினாத்தான்டி பாரம் தெரியும்."

டோப்ரிலாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பள்ளி முடித்த கையோடு ஊர் அச்சகத்தில் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தவள், அச்சகம் இழுத்து மூடப்படும் வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கணிதப் பாடப்புத்தகம் வந்தால் மற்றவர்கள் தலைவலி, பல்வலி என்று ஒதுங்கிவிடுவார்கள். அது அவள் மேஜைக்குத்தான் வரும். அந்தக் கணக்குகளில் ஒன்றும் அவளுக்குப் புரியாது. ஆனால் எந்த எழுத்து எதன் தலைமேல் உட்கார வேண்டும், எது எதன் காலடியில் தொங்க வேண்டும் என்பதில் அவள் கை தவறியதில்லை. பேராசிரியர்களின் கோழிக் கிறுக்கலை அவள் ஒரு பார்வையில் படித்துவிடுவாள். வீட்டில் அவள் மேஜை டிராயரைத் திறந்தாலும் அப்படித்தான்: குண்டூசி குண்டூசியோடு, நூல் நூலோடு.

போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த கெட்ட வருடங்களில் அச்சகம் சம்பளத்துக்குப் பதிலாக மாவு கொடுத்தது, எண்ணெய் கொடுத்தது. கடைசியில் தானே அச்சடித்து விற்காமல் போன நாட்காட்டிகளைக் கொடுத்தது, அதுவும் மார்ச் மாதத்தில். லியூபிங்கா சந்தையில் காலுறைக் கடை வைத்திருந்தாள். அந்த நாட்காட்டித் தாள்களில்தான் அந்த வசந்த காலம் முழுக்கக் காலுறைகளைச் சுற்றிக் கொடுத்தாள். அச்சகம் மூடிய பிறகு டோப்ரிலாவும் அந்தக் கடைக்கே வந்து நின்றாள். பனியில் நிற்கும்போது விரல்கள் மரத்துப்போகும். அந்த விரல்களை அக்கா பார்த்துவிடாமல் பைக்குள் விட்டுக்கொள்வாள்.

லியூபிங்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் காலுறை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அவள் தங்கையைப் பற்றிக் கேட்காமலே கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். "நம்ம டோப்ரிலா கணக்கு எழுதுறவ. பல்கலைக்கழகத்துக்காரங்களே இவகிட்டதான் கொடுப்பாங்க" என்பாள். தான் எழுதுகிறவள் இல்லை, அச்சுக்கோர்க்கிறவள்தான் என்று டோப்ரிலா திருத்துவாள். இரண்டும் ஒன்றுதான் என்று அக்கா முடித்துவிடுவாள்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் நெவெனா தொலைபேசியில் கூப்பிட்டார். பெல்கிரேடில் ஒரு கணித இதழின் ஆசிரியர் அவர். பழைய பாடப்புத்தக நாட்களிலிருந்து டோப்ரிலாவின் கையை அறிந்தவர். இதழை அச்சுக்கோர்த்துக் கொடுத்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். இனி எல்லா இதழ்களையும் டோப்ரிலாவே வீட்டிலிருந்து செய்யலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. கட்டுரை, திருத்தம், மறு திருத்தம் எல்லாம் ஒரே நாளில் மின்னஞ்சலில் போக வேண்டும், வர வேண்டும். பேருந்தில் டிஸ்க் அனுப்பிப் பார்த்தாகிவிட்டது. ஓட்டுநர் அதை ஒலிபெருக்கியின் மேல் வைத்துக் கொண்டு வந்ததில், அதன் காந்தம் பட்டு டிஸ்க்கில் ஒன்றுமே மிஞ்சவில்லை. முதல் கட்டுரை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் மின்னஞ்சலில் வந்துவிட்டால் வேலை அவளுக்கு. வராவிட்டால் நீஷ் நகரத்தில் இன்னொருவரிடம் பேசி வைத்திருப்பதாகவும் நெவெனா மறைக்காமல் சொன்னார்.

கணினி இதழ்க்காரர்களுடையது. அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான் இருந்தது. கணிதக்காரர்களுக்கு வேறெதுவும் ஆகாது. அச்சுக்கோர்க்கும் நிரலும் அதிலேயே இருந்தது. டோப்ரிலா நிரலை அச்சகத்தின் கடைசி நாட்களிலேயே பழகியிருந்ததால், கணினியோடு வந்த முதல் கட்டுரையை முடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. சூத்திரங்கள் திரையில் வரிசை வரிசையாக வந்து நின்றதைப் பார்த்தபோது, விரல்களில் வெகு நாளைக்குப் பிறகு சூடு ஏறியது போலிருந்தது. இனி அதை அனுப்ப வேண்டியதுதான். தொலைபேசிக் கம்பியைச் சொருகினால் போதும் என்று நெவெனா சொல்லியிருந்தார்.

சொருகினாள். தொலைபேசிக் கம்பியில் பேசுகிற மோடம் என்று தன்னிடம் ஒன்றும் இல்லை என்றது லினக்ஸ்.

பெட்டியின் பின்னால் கம்பி போகிற துளை கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே அட்டையும் இருக்கிறது. ஆனாலும் இல்லை என்கிறது. கையேடுகள் எல்லாம் கணினிக்குள்ளேயே ஆங்கிலத்தில் இருந்தன. அவள் பள்ளியில் படித்தது ரஷ்ய மொழி. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தியாகக் கடந்தாள். இணைய இணைப்பு விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டபோது ஒரு பையன் எடுத்தான். லினக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் குரல் மரியாதையாகி, விண்டோஸ் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

கடைசியில் ஒரு கையேட்டின் அடியில் விஷயம் இருந்தது. உள்ளே இருந்த அட்டை முழு மோடம் இல்லை. வேலையில் பாதியைத்தான் அது செய்யும். மீதியை விண்டோஸின் நிரல் செய்ய வேண்டும். லினக்ஸில் அந்த நிரல் இல்லை.

அன்று மாலை லியூபிங்கா பீன்ஸ் சூப் கொண்டு வந்திருந்தாள். தங்கை சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"பாதி மோடமா? மீதிப் பாதிய பஸ்ஸுல விட்டுட்டானா அந்த ஆளு?"

"அப்படி இல்லக்கா. தனியா ஒரு பெட்டி மாதிரி வரும், முழுசா. அது வேணும்."

"எவ்வளவு பெரிசு?"

டோப்ரிலா கையால் காட்டினாள். மறுநாளே அந்த அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்துவிட்டது. சந்தையில் பேட்டரியும் கால்குலேட்டரும் விற்கிற ஒருவனிடம் கம்பளிக் காலுறைகளைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்திருந்தாள் லியூபிங்கா. வேலை செய்யாவிட்டால் அந்தக் காலுறைகளை அவன் காலிலிருந்தே கழற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தாளாம்.

பெட்டி முழு மோடம்தான். முகப்பில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஆனால் எந்தத் துளையில் சொருகியிருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்வதிலேயே ஒரு பகல் போயிற்று. பெட்டியின் முதுகில் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தது. லினக்ஸோ பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அது தெரிந்ததும், கணினியின் எஜமான் பெயரில் நுழைந்தால்தான் மோடத்தைத் தொடவிடுவேன் என்றது. அதையும் சரிசெய்தாள். மோடம் புது மாதிரியில் கீங் கீங் என்று எண்ணை ஒலித்தது. ஊர்த் தொலைபேசி நிலையத்துக்கு அந்த மொழி தெரியாது. அதற்குப் பழைய சுழல் டயல் மாதிரி டக் டக்கென்று தட்டினால்தான் கேட்கும். அதையும் மாற்றினாள். பிறகு டயல் டோன் இல்லை என்று மோடம் அடம் பிடித்தது. டோன் இருந்தது. ஆனால் எங்கோ வெளிநாட்டில் செய்த பெட்டிக்கு இந்த ஊர் டோன் டோனாகவே தெரியவில்லை. இதற்கு மருந்து ஊரில் மோடம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். எக்ஸ் மூன்று என்று ஒரு கட்டளை. டோனுக்காகக் காத்திருக்காதே, கண்ணை மூடிக்கொண்டு எண்ணைத் தட்டு என்று பொருள். டோப்ரிலா அதையும் எழுதினாள்.

புதன்கிழமை காலையில் மோடம் முதல் முறையாக முழுக்கப் பேசியது. எண்ணைத் தட்டியது. எதிர்முனை எடுத்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கத்துவது போல ஒரு கீச்சல் வீட்டையே நிறைத்தது. இணைந்துவிட்டது. ஆனால் கடவுச்சொல்லை அனுப்ப வேண்டிய இடத்தில் ஒரு வரி பிசகியிருந்ததால் எதிர்முனை துண்டித்துக்கொண்டது. அதே நேரத்தில் தலைக்கு மேலே, நான்காவது மாடியில், ஒரு நாற்காலி நகர்ந்தது.

டோப்ரிலா உடனே மோடத்தின் ஒலியை முழுக்க அணைக்கும் கட்டளையை எழுதினாள்.

மேலே இருந்தவர் நெகோவான். ரயில்வேயில் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரைப் போல இந்த இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தொலைபேசிக் கம்பி ஒன்றே ஒன்றுதான். எண்கள் வேறு, மணி தனித்தனியாகத்தான் அடிக்கும். ஆனால் ஒருவர் ரிசீவரை எடுத்துவிட்டால் மற்றவர் வீட்டில் கருவி செத்துக் கிடக்கும். டோன்கூட வராது. கம்பியைப் பங்கு போடுகிற சின்னப் பெட்டி நெகோவான் வீட்டு நிலைப்படிக்கு மேலே இருந்தது. யார் எடுத்தாலும் அது டக்கென்று ஒரு சத்தம் போடும். அவசரமாகப் பேச வேண்டுமானால், வீட்டைச் சூடாக்கும் குழாயைக் கரண்டியால் தட்டுவார்கள். அந்தக் குழாய் எல்லா மாடிகளையும் துளைத்துக்கொண்டு போகிறது. இரண்டு தட்டு தட்டினால் எனக்கு வேண்டும் என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் முடிந்தது, எடுத்துக்கொள். டோப்ரிலாவின் அம்மாவும் நெகோவானும் இப்படியே பல வருடங்கள் ஒத்துப்போனார்கள்.

அம்மா சமையலறையில் விழுந்த அன்று டோப்ரிலா ரிசீவரை எடுத்தாள். செத்திருந்தது. கரண்டியை எடுத்து, இரண்டு தட்டா மூன்று தட்டா என்றெல்லாம் பார்க்காமல், குழாய் அதிர அதிரத் தட்டினாள். மேலே நெகோவான் ஸ்வீடனில் இருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். இவளுக்கு என்ன இத்தனை அவசரம் என்று நினைத்துச் செருப்பால் தரையில் ஓங்கி ஒரு குத்து குத்தினார். அவள் படியிறங்கித் தெருவுக்கு ஓடி மருந்துக்கடையிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அம்மா மருத்துவமனையில் ஒரு வாரம் கிடந்து இறந்துபோனார். அந்தச் சில நிமிடங்களால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நாற்பதாம் நாள் சடங்கில் கல்லறையில் எல்லோருக்கும் ஒரு கரண்டி வேகவைத்த கோதுமை கொடுக்கும்போது, நெகோவான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில்தான் நின்றார். டோப்ரிலா தட்டை அவரைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டினாள்.

அதன் பிறகு அவள் குழாயைத் தொட்டதில்லை. ரிசீவரை எடுத்துச் செத்திருந்தால் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள். படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறுவாள். அவரும் தன் பங்குக்கு ஒதுங்கிக்கொண்டார். மோடத்தின் கீச்சல் மேலே கேட்டு, இவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர் யோசிப்பதைக்கூட டோப்ரிலாவால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் அந்த ஒலியை அணைத்தாள்.

பிசகிய வரியைத் திருத்திவிட்டு, இணையும் வரை தானாகவே மறுபடி மறுபடி முயன்றுகொண்டிரு என்று கணினிக்குச் சொன்னாள். மதியம் வரை இணைவதும் கடவுச்சொல்லில் முட்டிக்கொண்டு விழுவதுமாக இருந்தது. அதையும் ஒருவழியாக நேராக்கினாள். அப்போதுதான் வேறொன்று தொடங்கியது. மோடத்தின் விளக்குகள் எரியும், எண்ணைத் தட்டும், காத்திருக்கும். பிறகு எதிர்முனையில் யாரும் இல்லை என்று ஒரு வரி வரும். மறுபடி அதே. காலையில் இணைந்தது இப்போது எதிர்முனையைக்கூட எட்டவில்லை.

தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். வேகத்தைக் குறைத்தாள். வரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டினாள். வியாழக்கிழமையும் அப்படித்தான் போயிற்று. சில நேரம் காலையில் ஓர் இணைப்பு கிடைக்கும், அஞ்சல் நிரலைத் திறப்பதற்குள் விழுந்துவிடும். மதியத்துக்கு மேல் முழு மௌனம். கண் எரிந்தது. அகராதியின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கடைத்தெருவில் பையன்கள் விளையாடுகிற கணினிக் கடைக்கு டிஸ்க்கோடு போய்ப் பார்த்தாள். வெளி டிஸ்க்கில் வைரஸ் வரும் என்று கடைக்காரன் உள்ளே விடவில்லை. திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலுறைக் கடையும் பனியும் அவளுக்குத் தெரிந்த சங்கதிகள். அதையே நினைத்துக்கொண்டால் மனம் அடங்கிவிடும் போலவும் இருந்தது. தோற்றுப்போனால் கொஞ்சம் தூங்கலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் லியூபிங்கா கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தாள். கையில் புரெக் பலகாரப் பொட்டலம், காகிதம் முழுக்க எண்ணெய். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவளைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, மோடத்தின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது பாட்டுப் பாடுமாமே. சந்தைல அவன் சொன்னான். ஒரு தடவை போடு, கேக்கறேன்."

"அணைச்சு வச்சிருக்கேன்."

"ஏன்?"

டோப்ரிலா கண்ணால் கூரையைக் காட்டினாள்.

"அந்த ஆளுக்காக என் காலுறைய ஊமையாக்கிட்டியா? போடுடி. காலுறை கொடுத்தவ நான்."

தின்ற கையைத் துடைத்துக்கொண்டு, சோர்வோடேயே அந்தக் கட்டளையை அழித்தாள் டோப்ரிலா. அக்காவை எதிர்த்துப் பேசுவதைவிட அது சுலபம். மோடம் கம்பியை எடுத்தது. விளக்கு எரிந்தது.

ஒரு சத்தமும் இல்லை. டோன் இல்லை, இரைச்சல்கூட இல்லை. அந்தச் செத்த மௌனத்துக்குள் மோடம் டக் டக்கென்று எண்ணைத் தட்டியது. தட்டி முடித்துவிட்டு அப்படியே நின்றது.

இருபது வருடமாக அந்த மௌனத்தைக் காதில் வாங்கியவர்கள் இருவரும். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மேல எடுத்து வச்சிருக்கான்" என்றாள் லியூபிங்கா.

டோப்ரிலா திரையைப் பார்த்தாள். டோனுக்காகக் காத்திருக்காதே என்று எழுதியவள் அவள்தான். காதை மூடிக்கொள் என்று எழுதியவளும் அவள்தான். கம்பி செத்திருக்கிறது என்று சொல்ல மோடத்துக்கு இருந்த இரண்டு வழியையும் தானே அடைத்துவிட்டு, இரண்டு நாளாக நல்ல வரிகளையே திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

லியூபிங்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நீட்டினாள். டோப்ரிலா அதை வாங்கவில்லை. நான் தட்டட்டுமா என்று அக்கா கேட்டதற்கு வேண்டாம் என்றாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணியைத் தாண்டியிருந்தது.

"அப்ப என்னதான் பண்ணப் போற? நீஷ்காரன் நல்லா எழுதட்டும்னு இங்க உக்காந்துக்குவியா?"

"தட்ட மாட்டேன்க்கா. தட்டி என்ன ஆச்சுன்னு பாத்தாச்சு."

சொல்லிவிட்டு எழுந்து, எண்ணெய்க் கையைப் பாவாடையில் இன்னொரு முறை துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள். கீழே போகிறாளா மேலே போகிறாளா என்று லியூபிங்கா காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலேதான் போனாள்.

நெகோவான் கதவைத் திறந்தபோது ரிசீவர் அவர் காதில் இருந்தது. சுருட்டைக் கம்பி நேராகிப்போகும் அளவுக்கு இழுத்துக்கொண்டு கதவு வரை வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் வாய் திறந்தது. பிறகு ஒரு விரலை உதட்டில் வைத்து, மெல்லிய குரலில் சொன்னார்:

"வரிசைல இருக்கேம்மா."

"யாரு வரிசைல?"

"பழுது சொல்ற எண். மூணு நாளா மதியம் மதியம் போடறேன். காத்திருங்கன்னு ஒரு பொம்பள சொல்றா. அப்புறம் ஆளே வரல." பேசிக்கொண்டே நிலைப்படிக்கு மேலிருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார். "இது புதன்கிழமை காலைலேருந்து டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. நீ எடுக்கற, வைக்கற, எடுக்கற, வைக்கற. உன்னால பேச முடியலன்னு நினைச்சேன். கம்பி கெட்டுப்போச்சு, வந்து பாருங்கன்னு அவங்ககிட்ட சொல்லத்தான்."

டோப்ரிலா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, கம்பி நல்லாத்தான் இருக்கு. நான்தான் அது. கம்ப்யூட்டர் ஒண்ணு வந்திருக்கு, அது போன்ல பேசும். நீங்க பிடிச்சிட்டிருக்கறதாலதான் அது செத்துப்போகுது."

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதன் முகத்தையே பார்த்தார். உள்ளே அந்தப் பெண் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா நானா?"

"மதியத்துக்கு மேல நீங்க. காலைல நானும் ஏதோ தப்பாத்தான் பண்ணிட்டிருந்தேன்."

"நான் கீழ வந்து கேட்டிருக்கலாம்" என்றார் அவர். "படி வரைக்கும் வந்தேன். ரெண்டு தடவ. அப்புறம், அவசரமா இருந்தா தட்டுவாளே, தட்டலையேன்னு திரும்பிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ தட்ட மாட்டேன்னும் தெரியும். அதான் பயம். அன்னைக்கு மாதிரி ஏதாவது இருந்து, நீ தட்டாம இருந்துட்டா?"

நெகோவானின் தலை முழுக்க நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியாது. அந்த முகத்தைக் கவனித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"நாலு மணிக்குள்ள ஒண்ணு அனுப்பணும் மாமா. வேலை அதுல இருக்கு. கொஞ்சம் வச்சிடுங்க."

"இப்ப வச்சா வரிசைல மறுபடி கடைசிலேருந்து நிக்கணும்" என்றார், பழக்க தோஷத்தில். பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். திரும்பி நடந்து ரிசீவரை அதன் இடத்தில் இரண்டு கையாலும் வைத்தார். மேலே பெட்டி டக்கென்றது.

"ஆனதும் தட்டு. நான் அதுவரைக்கும் தொட மாட்டேன்."

"தட்டறேன்."

அவள் இறங்கி வந்தபோது லியூபிங்கா என்ன சொன்னான் என்று கேட்டாள். நமக்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தாராம் என்றாள் டோப்ரிலா. மோடத்தின் ஒலியை அணைக்காமலே விட்டாள். கம்பியை எடுத்ததும் டோன் வந்தது. ஊர்த் தொலைபேசியின் அந்தப் பழைய, கொஞ்சம் கரகரத்த டோன். மோடம் அதைக் கண்டுகொள்ளாமல் எண்ணைத் தட்டியது. எதிர்முனை எடுத்தது. கீச்சல் கிளம்பியது. லியூபிங்கா பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"இதுவா பாட்டு? பன்னிக்குட்டிய வாசக்கதவுல நசுக்கின மாதிரி இருக்கு."

"பேசாதக்கா."

இணைந்தது. கடவுச்சொல் போயிற்று, தங்கியது. டோப்ரிலா கட்டுரையை இணைத்து அனுப்பும் விசையை அழுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். விளக்குகள் சிமிட்டின. நீண்ட நேரம் சிமிட்டிய மாதிரி இருந்தது. பிறகு அடங்கின. அனுப்பப்பட்டது என்று ஒரு வரி வந்தது. எந்த ஆரவாரமும் இல்லாத, எல்லாப் பிழை வரிகளையும் போலவே சின்னதான ஒரு வரி. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

கரண்டி மேஜை மேல் எண்ணெய்க் காகிதத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். குழாய் சூடாக இருந்தது. பெயிண்ட் உதிர்ந்திருந்த அந்த இடம், அவளும் அம்மாவும் தட்டித் தட்டிப் பள்ளமாக்கிய இடம், அப்படியே இருந்தது. ஒரு முறை தட்டினாள். முடிந்தது.

மேலிருந்து ஒன்றும் வரவில்லை. முன்பெல்லாம் அதற்குப் பதில் தட்டும் பழக்கம் கிடையாது என்று அவளுக்கு நினைவு வந்தது.

சோபாவில் காலை நீட்டுவதற்குள் தொலைபேசி அடித்தது. நெவெனா. வந்துவிட்டது, சுத்தமாக வந்திருக்கிறது, பக்கங்களைப் பார்த்து ஆசிரியர் குழுவில் எல்லோருக்கும் திருப்தி என்றார். டோப்ரிலா சரி, சரி என்றாள். லியூபிங்கா ரிசீவரோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை சந்தையில் எந்தக் கடையிலிருந்து தொடங்குவது என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது. பிறகு நெவெனா, பேராசிரியர் கடைசிச் சூத்திரத்தில் மனதை மாற்றிக்கொண்டுவிட்டார், ஒரு குறியை எடுத்துவிட்டு நான்குக்குள் இன்னொரு முறை அனுப்ப முடியுமா, அச்சகத்து ஆள் வாசலில் நிற்கிறார் என்றார். இனி இப்படித்தான் இருக்கும் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

முடியும் என்றாள் டோப்ரிலா.

குறியை எடுப்பதற்கு நேரமாகவில்லை. எடுத்துவிட்டு மோடத்திடம் கம்பியை எடுக்கச் சொன்னாள். டோன் இல்லை. லியூபிங்கா வாய் திறப்பதற்குள் மேலே நெகோவானின் குரல் தரை வழியாக மங்கலாகக் கேட்டது. ஸ்வீடனுக்குத்தான், மகனிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று புரியவில்லை.

டோப்ரிலா மறுபடி எழுந்தாள். கால் கனத்தது. கரண்டியை எடுத்துக் குழாயில் இரண்டு முறை, அளவாக, தட்டினாள்.

மேலே பேச்சு நின்றது. பிறகு குழாய் வழியாக ஒரே ஒரு தட்டு இறங்கி வந்தது.

அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்தாள்.